மஞ்சள் சீட்டும் வெள்ளி விளக்குத் தண்டுகளும்

விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட ‘லே மிசெராப்ல்’ நாவலை, சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழைபடும் பாடு’ வாயிலாகத் தமிழர் பலர் அறிவர். நம் பிரசங்க பீடங்களில் அக்கதை பெரும்பாலும் ஆயர் மிரியேல் ஈந்த வெள்ளி விளக்குத் தண்டுகளோடு முடிந்துவிடுகின்றது. நாவலின் வழக்கோ அங்கேதான் தொடங்குகின்றது.

19 ஆண்டுகள் தண்டனை அனுபவித்து 1815இல் விடுதலையான ழான் வால்ழானின் கையில் மஞ்சள் கடவுச்சீட்டு இருக்கின்றது. அதைக் கண்டவன் கூலியைக் குறைக்கிறான், விடுதிகள் கதவடைக்கின்றன. பின்னர் வேறொரு நகரில் அவன் ஆலை முதலாளியாகவும் நகரத் தலைவனாகவும் உயர்ந்தது எங்ஙனம்? தீயினின்று இரு குழந்தைகளை அவன் மீட்டமையால், சீட்டை எவரும் கேட்கவில்லை, பெயரையும் மாற்றிக்கொண்டான். கிருபை பெற்றவனுக்கும் பொய்ப்பெயர் தேவைப்பட்டது. அவனுடைய ஆலையிலேயே, அவனறியாமல், ஃபான்டீன் தன் கடந்த வாழ்வின் பொருட்டு வேலை இழக்கிறாள். ஒருவனுடைய நல்லுள்ளம் நிறுவனத்தின் ஒழுங்காக மாறாவிடின் அடுத்தவரைக் காவாது என்பதை இதனினும் கூர்மையாகக் காட்டல் அரிது.

எனினும் ஒரு குறையைச் சுட்டவேண்டும். ஹ்யூகோ தம் நாயகனுக்கு அசாதாரண வலிமையும் தொழில்நுட்பமும் அளித்துவிட்டார். சாதாரண மனிதனுக்கு வழி யாது?

இவ்வினா இன்றும் உயிருள்ளது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டேவா பேஜர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், சிறை சென்றதாகக் கூறிய வெள்ளையருக்கு 17 விழுக்காடும், குற்றப் பதிவே இல்லாத கறுப்பருக்கு 14 விழுக்காடும் மட்டுமே மறு அழைப்பு கிடைத்தது. நியூயார்க் நகரம் 2015இல், வேலை தருவதாக உறுதியளித்த பின்னரே பழைய தண்டனையை வினவலாம் எனச் சட்டம் இயற்றியது. ஆனால் அத்தகைய சட்டங்களுக்குப் பின் சில முதலாளிகள் இனத்தைக் கொண்டே குற்றத்தை ஊகித்தனர் எனப் பின்வந்த ஆய்வு காட்டியது. சீட்டை மறைத்தபோது தோலின் நிறமே சீட்டாயிற்று.

எனவே மறைத்தல் மட்டும் போதாது, பிணைநிற்றலும் வேண்டும். அமெரிக்க அரசு 1966இல் தொடங்கிய பிணையத் திட்டம், விடுதலையானவரை ஏற்கும் முதலாளிக்கு நேர்மையின்மையால் இழப்பு நேரின் ஈடுசெய்கின்றது. ஒநேசிமுவின் கடனைத் தம் கணக்கில் எழுதும்படி பிலேமோனைக் கேட்ட பவுலின் நெறியும் இதுவன்றோ? பவுல் அவனுடைய பெயரை மறைக்கவில்லை. தம் பெயரை அதனருகே வைத்தார்.

விளக்குத் தண்டுகளைப் பற்றிப் பிரசங்கிக்கும் மாணவர், அடுத்த அதிகாரங்களையும் வாசிப்பாராக. நம் சபையின் பள்ளியும் மருத்துவமனையும் அச்சகமும், விண்ணப்பத்தாளில் எதை முதலில் கேட்கின்றன?