அழைப்பு ஒருவருக்கு, பெட்டி நால்வருக்கு

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் தேர்போன்ற மண்டபத்தையும் பலிபீடத்தருகே இருக்கும் படிகளையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் ஓடும் சிறு கற்பலகைகளைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. சேக்கிழார் பெரியபுராணம் பாடிய காலத்தை ஒட்டி, 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய கோயில் இது. அடியார் அறுபத்துமூவரின் கதைகளும் அந்தப் பலகைகளில் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் இதே காவிரி நாட்டுத் திருச்செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர். அடியார் கேட்டார் என்பதற்காகப் பெற்ற பிள்ளையைக் கறியாக்கியவர். பக்தி அவருடையது, உயிர் சீராளனுடையது. கதையில் இறைவன் பிள்ளையைத் திருப்பித் தந்துவிடுகிறான். ஊழியத்துக்காகக் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனவர்களின் வரலாற்றில் அப்படி எல்லாப் பிள்ளைகளும் திரும்பவில்லை.

கும்பகோணம் வட்டாரத்துக்கு இது பழங்கதை அல்ல. நியூயார்க்கின் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு 1977-இலும் லண்டன் ஹைகேட் முருகன் கோயிலுக்கு 1986-இலும் கும்பாபிஷேகம் நடந்தது. அதன்பின் மேலைநாடுகளில் கோயில்கள் பெருகின. அங்கே பூசை செய்ய ஆகமம் படித்த குருக்களும் தேவாரம் பாட ஓதுவாரும் வேண்டியிருந்ததால், இந்த ஊர்களின் அக்கிரகாரங்களிலும் சன்னதித் தெருக்களிலும் விசாவுக்குக் காத்திருக்கும் வீடுகள் உண்டாயின. திருநெல்வேலிப் பக்கமோ இதை நூறாண்டுக்கு முன்பே பார்த்தது. அங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் ‘பணித்தளம்’ நோக்கிப் புறப்பட்டன. குருக்கள் மதம் பரப்பப் போவதில்லை, மிஷனெரி கூலிக்குப் போவதாக நினைப்பதில்லை. இருவரையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல என்று இரு தரப்பும் சொல்லும். வாசல்வரை அது உண்மை. வீட்டுக்குள் நடப்பது ஒன்றுதான்: அழைப்பு வந்தது ஒருவருக்கு, போகிறவர்கள் நால்வர்.

குடும்பத்தோடு போவது நல்லதா என்ற வழக்கு தஞ்சாவூரிலேயே நடந்து முடிந்திருக்கிறது. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து 1798-இல் தஞ்சையில் இறந்த மிஷனெரி சுவார்ட்சு ஐயர் கடைசிவரை மணம் செய்யவில்லை. அரண்மனைக்கும் பாளையத்துக்கும் இடையே அவரால் நினைத்த நேரத்தில் போய்வர முடிந்ததற்கு, வீட்டில் காத்திருக்க யாரும் இல்லாததும் ஒரு காரணம். அவரைவிட முன்னால், 1737-இல் வந்த யோகான் பல்தசார் கோலாஃப் குடும்பஸ்தர். அவருடைய மகன் காஸ்பர் 1762-இல் தரங்கம்பாடியில் பிறந்தவர். அந்தப் பையனைத் தம்மோடு வைத்து வளர்த்துப் படிக்கவைத்தவர் பிரம்மச்சாரியான சுவார்ட்சுதான். 1787-இல் குருப்பட்டம் பெற்ற காஸ்பர் 1844-இல் இறக்கும்வரை தஞ்சையில் பணி செய்தார். அவருக்குப் பின் அவர் மகன். மூன்று தலைமுறை, 140 ஆண்டுகளுக்கு மேல். தனியாளின் பணி அவரோடு முடிந்துபோகாமல் அடுத்த தலைமுறைக்குக் கடந்தது ஒரு குடும்பத்தின் வழியாக. அதுவும் பக்கத்து வீட்டுக் குடும்பத்தின் வழியாக!

இன்னொரு பலன் இதைவிடப் பெரிது. ஆண் மிஷனெரி தமிழ் வீட்டின் திண்ணைவரைதான் வரமுடியும். அவர் மனைவி கொல்லைப்புறம்வரை போனாள். யாழ்ப்பாணத்துக்கு 1816 முதல் வந்த அமெரிக்க மிஷனில் மைரன் வின்சுலோவின் மனைவி ஹாரியட் 1824-இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி இன்றும் நடக்கிறது. எந்தத் தனியாள் ஊழியராலும் அதைத் தொடங்கியிருக்க முடியாது. மிஷன் வீட்டுக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் மற்ற வீடுகள் பெண்பிள்ளையை அனுப்பின.

ஆனால் அதே குடும்பம் சுவரும் எழுப்பியது. மனைவிக்குக் காற்றோட்டமான பங்களா, பிள்ளைகளுக்குப் பால்மாடு, கோடையில் மலைவாசம், சுற்றிலும் மதில். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன் கொடைக்கானலில் வீடு கட்டியது காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து. அதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் திருநெல்வேலிக்காரரான வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, ‘எல்லாம் தந்தீர்கள், நட்பை மட்டும் தரவில்லை’ என்ற பொருளில் பேசியபோது அந்த மதில்களும் குற்றவாளிக் கூண்டில் நின்றன. எல்லாரும் ஒரே மேசையில் உட்காராததற்கு இனத்திமிர் முதல் காரணம். குடும்ப வசதி என்ற மரியாதையான சாக்கு அதற்குத் துணைபோனது.

இனி, குடும்பங்கள் கொடுத்த விலைப்பட்டியலைப் பார்க்கலாம். நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு இருந்த மருத்துவர் ஜான் ஸ்கடர், ஒரு நோயாளியின் வீட்டில் கண்ட பிரசுரத்தைப் படித்து மனம் மாறி 1819-இல் மனைவியோடும் குழந்தையோடும் கப்பல் ஏறினார். கல்கத்தாவில் இறங்கிச் சிறிது காலத்துக்குள் குழந்தை போய்விட்டது. அவர்கள் திரும்பவில்லை, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்குப் போனார்கள். வின்சுலோ ஐந்துமுறை மணம் செய்தார். முதல் நான்கு மனைவியரும் அவருக்கு முன்பே இறந்தார்கள். 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவருடைய தமிழ் ஆங்கில அகராதி 1862-இல் வந்தது. தமிழ் படித்தவர் எவரும் அதற்குக் கடன்பட்டவர்தான். அந்த உழைப்புக்குப் பக்கத்தில் நான்கு கல்லறைகளும் இருக்கின்றன என்பதை அகராதியின் எந்தப் பக்கமும் சொல்லாது.

இறந்தவர்களைவிட, பிரிக்கப்பட்டவர்களின் கதை நீளமானது. பாசல் மிஷன் 1853-இல் ஒரு விதியே போட்டது: பள்ளி வயது வந்ததும் பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்களுக்கென பாசலில் விடுதி கட்டியது. அதன் ஊழியராகத் தலச்சேரியில் இருந்த ஹெர்மன் குண்டர்ட்டின் மகள் மரி 1842-இல் இந்தியாவில் பிறந்தவள். விதி வருவதற்கு முன்பே சின்னஞ்சிறு வயதில் ஐரோப்பாவில் விடப்பட்டு, பதின்வயதில்தான் பெற்றோரிடம் மீண்டாள். பிற்காலத்தில் அவள் பெற்ற பிள்ளை எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே.

ஸ்கடர் வீட்டுப் பேத்தி ஐடாவுக்கும் இதே கதிதான். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பெற்றோர் அவரைச் சிகாகோவில் உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். மிஷனெரியாகவே ஆகக்கூடாது என்று அந்தப் பெண் உறுதியெடுத்ததில் வியப்பில்லை. தாயின் உடல்நலம் பார்க்க 1890-இல் திண்டிவனம் வந்தவர், ஓர் இரவில் மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவியைப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டதையும், மருத்துவரான அவர் தந்தை வருவதை அவர்கள் ஏற்காததையும், விடியும்போது மூன்று பெண்களும் இறந்ததையும் கண்டார். அதன்பின் கார்னெல்லில் மருத்துவம் படித்து, 1900-இல் வந்து வேலூரில் வைத்தியம் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஏற்படுத்தினார். திண்டிவனத்து இரவைச் சொல்லாத மிஷனெரி மேடை இல்லை. சிகாகோவில் விடப்பட்ட பெண்ணைப் பற்றி அந்த மேடைகள் அவ்வளவாகப் பேசுவதில்லை. பலன் பெரிதாக வந்துவிட்டால், விலையைக் கேட்பது நாகரிகமில்லை என்று ஆகிவிடுகிறது. இங்கேதான் இந்த வழக்கத்தின் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. துன்பத்தைப் புனிதத்தின் அளவுகோலாக வைத்துக்கொண்டால், தவிர்க்கக்கூடிய துன்பத்தையும் யாரும் தவிர்க்க முயலமாட்டார்கள்.

தவிர்க்க முடியும் என்பதற்கும் சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 1901-இல் கொடைக்கானலில் மிஷனெரிப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கியது. அதனால் பிரிவு முற்றிலும் ஒழியவில்லை. ஆனால் இருபெருங்கடல் தாண்டிய பிரிவு ஒருநாள் பயணமாகச் சுருங்கியது. அப்பா அம்மாவை ஆண்டுக்கு ஒரு பருவமாவது பார்க்கலாம். பக்தியில் குறைவு எதுவும் வந்துவிடவில்லை. மிஷன் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவினம் கூடியது, அவ்வளவே. 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் யூசீம், இரு பண்பாடுகளுக்கிடையே வளரும் பிள்ளைகள் இரண்டிலும் முழுதாகச் சேராத தனி உலகம் ஒன்றில் வளர்கிறார்கள் என்று எழுதினார். பலவீனம் மட்டுமல்ல, அதில் பலமும் உண்டு: பிற்காலத்தில் மொழிபெயர்ப்பாளராக, மருத்துவராக, தூதராக அவர்களில் பலர் ஒளிர்ந்தார்கள். தஞ்சையின் காஸ்பர் கோலாஃபே அதற்கு முன்மாதிரி.

அனுப்பப்பட்டவர்கள் வெள்ளையர் மட்டுமல்லர். தஞ்சையில் சுவார்ட்சிடம் படித்த கிறிஸ்டியன் டேவிட் 1801-இல் யாழ்ப்பாணம் போய் ஊழியம் செய்தார். 1824-இல் பிஷப் ஹீபர் கல்கத்தாவில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். 1903-இல் அசரியா முதலானோர் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம், தமிழர் காணிக்கையில் தமிழரைத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பியது. 1959-இல் உருவான ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் வடமாநிலங்களுக்குக் குடும்பங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. பாளையங்கோட்டைப் பெண் ஒருத்திக்குக் குஜராத்தின் பழங்குடிச் சிற்றூர் கடல்கடந்த நாடுதான்; சந்தை, தண்ணீர், பேச்சு எல்லாமே புதிது. இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா 1980-களில் வந்தது. கொடைக்கானலின் பாடம் உள்ளூர்ப் பணத்தில் மறுபடி எழுதப்பட்டது.

எனினும் வழியனுப்பு ஆராதனைகளை உற்றுக் கவனித்தால் ஒன்று தெரியும். கணவருக்குத் தரிசனம் கிடைத்த நாள், இடம், வசனம் எல்லாம் சாட்சியாகச் சொல்லப்படும். மனைவி எழுந்து இரண்டு வாக்கியம் சொல்வார். பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். பணித்தளத்திலிருந்து வரும் ஜெபக் கடிதங்களிலும் மழை, ஞானஸ்நானம், எதிர்ப்பு எல்லாம் இருக்கும். பத்து வயது மகன் பேச்சைக் குறைத்துவிட்டான் என்பது இருக்காது. காணிக்கையால் தாங்குகிறவர்கள் சோர்ந்துவிடக் கூடாதே!

கும்பகோணத்து வீட்டில் மேடை கிடையாது, தாள்கள் உண்டு. அமெரிக்காவுக்கு என்றால் 1990-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் உருவாக்கிய ஆர்-1 விசா. குருக்களுக்கு மொத்தம் ஐந்து ஆண்டு. மனைவி மக்களுக்கு ஆர்-2. பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம், மனைவி சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. எம்.எஸ்சி. படித்த பெண் என்றாலும் அதே விதி. பிரிட்டனில் சமயக் குருவுக்கான விசாவில் போகிறவரின் மனைவி வேலைக்குப் போகலாம். ஆனால் அந்த விசாவுக்குக் கணவர் ஆங்கிலத் தகுதியைக் காட்டியாக வேண்டும். தொழிலாளர் பர்மிட்டில் மலேசியா போகிறவர் குடும்பத்தை அழைத்துப்போகவே முடியாது. ஆசார்ய அபிஷேகத்துக்கு இல்லறத்தானாக இருக்கவேண்டும் என்று கேட்பது சைவ மரபு. அந்த இல்லறத்தை எந்த நிபந்தனையில் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானிப்பது தூதரகம்.

போவதைக் குற்றம் சொல்வதற்கு முன் இருப்பதன் கணக்கையும் பார்க்கவேண்டும். தமிழகத்தில் ஒருகாலப் பூசைத் திட்டத்தில் 12,959 கோயில்கள் இருந்தபோது, அவற்றின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தருவதாக அரசு 2021-இல் அறிவித்தது. ஆயிரம் ரூபாய் ஒரு பெரிய சலுகையாகச் செய்தியில் வந்தது என்றால், அதற்கு முன் என்ன கிடைத்திருக்கும்? தட்டுக்காசை நம்பும் குருக்களுக்குப் பெண் கொடுக்கவும் ஆள் இல்லை. ஸ்பான்சர் கடிதம் வந்த பையனுக்கு ஜாதகம் தேடி வருகிறது. வெளிநாட்டுச் சம்பளத்தில் தங்கைக்குக் கல்யாணம் நடக்கிறது, ஓட்டு வீடு மாடியாகிறது. புலம்பெயர்ந்த தமிழர்க்கோ அவர் பூசகர் மட்டுமல்ல. காதுகுத்து, கிருகப்பிரவேசம், திதி என்று வாழ்க்கைச் சடங்குகளின் முழுப் பொறுப்பும் அவர் தலையில். அவர் வீட்டுத் தமிழும் அங்கே ஒரு சொத்து.

நட்டம் இரண்டு இடத்தில் விழுகிறது. முதலாவது, விட்டுப்போகும் கோயில். முறையைத் தம்பியிடமோ பெரியப்பா பிள்ளையிடமோ ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அவருக்கு ஏற்கெனவே நாலு கோயில். சைக்கிளில் வந்து விளக்கேற்றிப் பூட்டிக்கொண்டு போவார். உலகப் பாரம்பரியச் சின்னமாக 2004-இல் ஏற்கப்பட்ட தாராசுரத்துக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. சுற்றியுள்ள வயலூர்ச் சிவன்களுக்கு யார்? தலைமுறைகளாகச் சேர்ந்த பயிற்சி டெட்ராய்ட்டுக்கும் டொராண்டோவுக்கும் போனதற்கு அந்த வயலூர்கள் நட்டஈடு பெற்றதில்லை. இரண்டாவது, திரும்பிவரும் பிள்ளை. 2023 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுத் துறை வரிசைக் கணக்கை மாற்றியதில், சமயப் பணியாளருக்கான நிரந்தர வசிப்புரிமைக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டது. ஐந்தாண்டு முடிந்து மூட்டை கட்டும்போது, ஒன்றாம் வகுப்பில் போன பையன் ஆறாம் வகுப்பில் வருவான். பேசுவான், தமிழ் எழுதத் தெரியாது. மிஷன்களுக்கு ஓய்வுவிடுப்பு, பிள்ளைகள் பள்ளி, விதவை நிதி என்று இருநூறாண்டு அடிபட்டுக் கற்ற ஏற்பாடுகள் உண்டு. கோயில் அறங்காவலர் குழுவின் ஒப்பந்தத்தில் இருப்பது சம்பளம், தங்குமிடம், விமான டிக்கெட்.

அந்த ஒப்பந்தத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களில் உயர்பதவியில் இருப்பவர்கள். தங்களை வேறு நாட்டுக்கு மாற்றினால் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மனைவியின் வேலை வாய்ப்பு, ஊர் திரும்பும் செலவு எல்லாவற்றையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள். குருக்களுக்கு எழுதும்போது மட்டும் ‘கைங்கரியம்’ என்ற சொல் வந்து அந்த வரிகளை அடித்துவிடுகிறது. மிஷன் சங்கங்களும் இதில் மேலானவை அல்ல. தேர்வுக் குழு கணவரின் அழைப்பை மணிக்கணக்கில் சோதிக்கும். மனைவியைத் தனியே உட்காரவைத்து, ‘உங்களுக்குப் போக விருப்பமா, இல்லையென்றால் இங்கேயே சொல்லலாம், வெளியே தெரியாது’ என்று கேட்பதற்கு அரைமணி நேரம் போதும், காசும் ஆகாது. அந்தப் பதில் ‘இல்லை’ என்று வந்தால் அந்த ஆண்டுக்கு அந்தக் குடும்பத்தை அனுப்பாமல் இருக்கவும் குழு தயாராக இருக்கவேண்டும்.