அபூர்வத்துக்கும் ஒரு வழி உண்டு

கணக்கில் உனக்குப் பிடித்த ஆள் யார் என்று என்னிடம் யாராவது கேட்டுவிட்டால் போதும், தொலைந்தார்கள். காபி ஆறிப்போகும், பஸ் போய்விடும், நான் எஸ். ஆர். ஸ்ரீனிவாச வரதனைப் பற்றிப் பேசி முடித்திருக்க மாட்டேன். ராமானுஜனைக் கொண்டாட ஊரே இருக்கிறது. வரதனைக் கொண்டாட ஆள் போதவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். அதைக் கொஞ்சமாவது தீர்த்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

1940 இல் சென்னையில் பிறந்தவர். பொன்னேரியில் பள்ளிப் படிப்பு, மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ். பிறகு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி. ஆர். ராவிடம் முனைவர் ஆய்வு. அந்த ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கோல்மோகரோவ்! நவீன நிகழ்தகவுக்கு அடித்தளம் போட்ட அதே ரஷ்ய மேதை. 1963 இல் நியூயார்க்கின் கூராண்ட் கழகத்துக்குப் போன வரதன், அதையே தன் இடமாக்கிக்கொண்டார். 2007 இல் ஏபெல் பரிசு. இதெல்லாம் விக்கிப்பீடியாவிலேயே கிடைக்கும். நான் கிறங்கிப்போனது அவர் கேட்ட கேள்வியில்.

ஒரு நாணயத்தை 100 முறை சுண்டுகிறோம். ஐம்பதை ஒட்டித் தலை விழும். 80 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு? ஏறக்குறைய 180 கோடியில் ஒன்று. 1000 முறை சுண்டி 800 தலை வேண்டுமென்றால், தசமப் புள்ளிக்குப் பின் எண்பதுக்கும் மேற்பட்ட பூஜ்ஜியங்கள் போட வேண்டும். இவ்வளவு அரிதான சங்கதிகளை அளக்கும் கணிதத்துக்குப் பெருவிலகல் கோட்பாடு என்று பெயர். காப்பீட்டு நிறுவனம் திவாலாகும் வாய்ப்பு எவ்வளவு என்ற கவலையோடு ஒட்டி வளர்ந்த துறை. 1938 இல் ஸ்வீடனின் ஹரால்டு க்ராமர் இதில் முக்கியமான தேற்றத்தைத் தந்திருந்தார். ஆனால் 1966 இல், 26 வயதில், வரதன் எழுதிய கட்டுரைதான் இதற்கு ஒரு பொது இலக்கணத்தைக் கொடுத்தது.

அந்த இலக்கணத்தின் உயிர்நாடி இதுதான்: “எவ்வளவு அரிது?” என்று மட்டும் கேட்காதே, “நடந்தே விட்டதென்றால் எப்படி நடந்திருக்கும்?” என்றும் கேள். 80 தலை விழுந்துவிட்டதா? முதல் 60 முறையும் தலையே விழுந்து, அதன் பிறகு நாணயம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கலாம். அல்லது ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே சீராகத் தலைப்பக்கம் சாய்ந்தே வந்திருக்கலாம். முதல் வழி இரண்டாவதைவிடப் பல கோடி மடங்கு அரிது. தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடுவதுபோல, அபூர்வமும் மலிவான வழியைத் தேடித்தான் வருகிறது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு செலவு உண்டு. செலவு ஏற ஏற நிகழ்தகவு அடுக்குக்குறி வேகத்தில் சரியும். ஆகவே மிகக் குறைந்த செலவுள்ள வழியைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. நிகழ்தகவுக் கேள்வி, சிறுமம் காணும் கணக்காக மாறிவிடுகிறது! இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

எழுபதுகளில் மன்றோ டான்ஸ்கருடன் சேர்ந்து அவர் செய்ததைச் சொன்னால் நீங்களும் கிறங்குவீர்கள். வெளியெங்கும் கண்ணிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன. நடுவே பிரௌனியன் இயக்கத்தில் ஒரு துகள் குருட்டாம்போக்கில் அலைகிறது. கண்ணியைத் தொட்டால் அதோடு சரி. நீண்ட காலம் அது பிழைத்துவிட்டது என்றால், எப்படிப் பிழைத்தது? கண்ணிகளுக்கு நடுவே சாமர்த்தியமாக வளைந்து வளைந்து தப்பித்தது என்றுதான் நமக்குத் தோன்றும். கிடையாது! கண்ணியே இல்லாத ஓர் உருண்டை வெளி தற்செயலாக அமைந்து, துகள் அதற்குள்ளேயே அடைந்து கிடந்தது. அந்த உருண்டை பெரிதாக இருந்தால், அவ்வளவு இடம் கண்ணியில்லாமல் அமைவது அரிது. சிறிதாக இருந்தால், துகள் அதைவிட்டு வெளியேறாமல் இருப்பது அரிது. இந்த இரண்டு செலவுகளின் இழுபறியில்தான் உருண்டையின் அளவு தீர்மானமாகிறது. மூன்று பரிமாணத்தில் அதன் ஆரம், காலத்தின் ஐந்தாம் மூலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். ஐந்தாம் மூலம்! அதை நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்து வரவழைத்தபோது எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இப்போது என் செல்லப் பொருளுக்கு வருகிறேன்: சமவாய்ப்பு அணிகள். 1000 வரிசை, 1000 நிரல் கொண்ட ஒரு சமச்சீர் அணி. ஒவ்வொரு கட்டத்திலும் நாணயம் சுண்டி +1 அல்லது −1 போடுங்கள். அதன் ஐகன் மதிப்புகளைக் கணினியில் கண்டு வரைபடம் போடுங்கள். அச்சு அசலாக ஓர் அரைவட்டம் எழும்பி வரும்! நாணயத்துக்குப் பதில் பகடையை உருட்டிச் சராசரியைக் கழித்துப் போட்டாலும் அதே அரைவட்டம்தான். கன அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகளைப் புரிந்துகொள்ள முயன்ற யூஜின் விக்னர் 1955 வாக்கில் கண்ட அதிசயம் இது. நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அந்த +1, −1 அணியில் மிகப் பெரிய ஐகன் மதிப்பு சுமார் 63 இருக்கும். அது 300 ஆக எகிறினால்? இப்படிப்பட்ட கேள்விக்குத்தான் சௌரவ் சாட்டர்ஜியும் வரதனும் 2012 இல் பதில் தந்தார்கள். வரதனுக்கு அப்போது வயது 72! அதற்கு முந்தைய ஆண்டுதான் இருவரும் சமவாய்ப்பு வரைபடங்களுக்கு, அதாவது புள்ளிகளைத் தற்செயலாகக் கோடுகளால் இணைத்த வலைகளுக்கு, இதே வேலையைச் செய்திருந்தார்கள். சேர்மானக் கணிதத்தைச் சேர்ந்த செமெரெடியின் ஒழுங்குத் துணைத்தேற்றத்தை அதற்குத் துணைக்கு அழைத்திருந்தார்கள். அந்த வயதில் வேறொரு துறையின் ஆயுதத்தை எடுத்துச் சுழற்றுவதென்றால் சும்மாவா?

அவர்கள் காட்டிய பாதையில் நானும் செலவுக் கணக்கு போட்டுப் பார்த்தேன். அணியின் ஒரு மூலையில் 300-க்கு 300 கட்டங்கள் அத்தனையும் +1 ஆனால் ஐகன் மதிப்பு 300-ஐத் தொடும். செலவு சுமார் 31,000. அணி முழுவதும் லேசாகச் சாய்ந்து சராசரி 0.3 ஆனாலும் அது 300-ஐத் தொடும். செலவு சுமார் 23,000 தான். இரண்டுமே மனித குலம் பார்க்கவே முடியாத அபூர்வங்கள். ஆனாலும் இவற்றில் எது மலிவு என்று ஒரு காகிதமும் பேனாவும் சொல்லிவிடுகின்றன, பாருங்கள்!

வரதனின் சாதனைகள் இத்தோடு நிற்கவில்லை. டேனியல் ஸ்ட்ரூக்குடன் சேர்ந்து விரவல் செயல்முறைகளுக்கு அவர் அமைத்த அடித்தளம் தனியாக ஒரு கட்டுரை கேட்கும். என்னை மலைக்க வைப்பது வேறொன்று. இருபது வயதுகளில் பிடித்த ஒரு கேள்வியை எழுபது வயதுகளிலும் அவர் விடவில்லை. நாணயத்திலிருந்து துகளுக்கு, துகளிலிருந்து வரைபடத்துக்கு, வரைபடத்திலிருந்து அணிக்கு என்று அதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது பதில் சொன்னது.

கல்லூரிக் கணிதம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நிகழ்தகவு பற்றி வரதன் எழுதிய கூராண்ட் விரிவுரைக் குறிப்பு ஒன்று இருக்கிறது. மெல்லிய புத்தகம், ஆனால் ஒரு வரிகூட வீண் கிடையாது. ஒரு பக்கத்தைத் தாண்ட ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, எடுத்துப் படியுங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே கணினியைத் திறந்து அந்த அரைவட்டத்தை ஒரு தரம் வரைந்து பாருங்கள். நாலைந்து வரி நிரல் போதும். அப்புறம் நீங்களும் என்னைப்போல யாரையாவது பிடித்துவைத்துப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்கு நான் பொறுப்பல்ல!