திண்டிவனத்து மூன்று கதவுகள்

ஜீவிய சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நாவல் எழுதுகிறவன் தன் கதாநாயகி ஏன் மனம் மாறினாள் என்பதற்கு நூறு பக்கம் காரணம் காட்டியாக வேண்டும். சரித்திரக்காரர் "இப்படி நடந்தது" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடலாம். வேலூர் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்த டாக்டர் ஐடா ஸ்கடரைப் பற்றிய புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சௌகரியத்தின் மேல் பொறாமை உண்டாகிறது; கூடவே கொஞ்சம் சந்தேகமும்.

ஸ்கடர் குடும்பத்தின் கதை நம் பக்கத்துக் கதைதான். ஜான் ஸ்கடர் என்ற நியூயார்க் டாக்டர் 1819-இல் இலங்கைக்குக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்தில் பல வருஷம் இருந்துவிட்டு 1836-இல் சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். இவர்களுடைய சபை அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் சீர்திருத்த சபை. பிஷப் கிடையாது, மூப்பர்கள் கூடி நிர்வாகம் நடத்துவார்கள். அதாவது பிரெஸ்பிடீரியன் முறை. (1908-இல் இவர்கள் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், அதன் வழியாக 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் சேர்ந்துகொண்டார்கள்.) பள்ளிக்கூடம் கட்டிப் பிள்ளைகளைப் பிடிப்பதில்லை, ஊர் ஊராய்ப் போய்த் தமிழில் பிரசங்கம் செய்வதே முதல் வேலை என்று ஆரம்பத்தில் வைராக்கியமாக இருந்த மிஷன் இது.

ஸ்தாபகரின் மகன்களில் ஒருவர், அவரும் ஜான், அவரும் டாக்டர், 1861-இல் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய மகள்தான் ஐடா. 1890-களின் தொடக்கத்தில் தகப்பனாரும் தாயாரும் திண்டிவனத்து மிஷன் பங்களாவில் இருந்தார்கள். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து மகள் வந்தாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும், மிஷனரி வேலைக்கு மட்டும் தலை கொடுக்கக் கூடாது என்பது அவள் தீர்மானம்.

ஒரு நாள் இரவு ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டுகிறார். சிறு வயது மனைவி பிரசவ வேதனையில் இருக்கிறாள், வந்து பார்க்க வேண்டும் என்கிறார். "நான் டாக்டர் இல்லை, அப்பா வருவார்" என்கிறாள் ஐடா. அந்நிய ஆண்பிள்ளை என் மனைவியைப் பார்ப்பதா என்று அவர் போய்விடுகிறார். பிறகு ஒரு முஸ்லிம் வருகிறார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்து. முதலியார் என்று சொல்கிறவர்களும் உண்டு, மேல்சாதிக்காரர் என்பதோடு விடுகிறவர்களும் உண்டு. காலையில் பறைச் சத்தம் கேட்கிறது. விசாரித்து வரச் சொன்னால் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள் என்று செய்தி வருகிறது. ஐடா டாக்டருக்குப் படிக்க முடிவு செய்கிறாள்.

டாரதி கிளார்க் வில்சன் 1959-இல் வெளியிட்ட 'டாக்டர் ஐடா' என்ற புத்தகத்துக்கு உயிர் இந்த இரவுதான். அந்த அம்மாள் பைபிள் காலத்துக் கதைகளை நாவலாக்கிப் பெயர் வாங்கியவர். காட்சி கட்டத் தெரிந்தவர். ஆனால் மூன்று தட்டல், மூன்று மறுப்பு, மூன்று சாவு என்கிற அமைப்பு நம் பாட்டி கதைகளின் அமைப்பு. கதை இத்தனை கச்சிதமாக இருக்கும்போது விமர்சகன் இரண்டாம் தடவை படிக்கத்தான் வேண்டும். அந்தப் பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் வீட்டுச் சாவுக்குப் பறை கொட்டுவதில்லை. பிராமண வீட்டிலும் அது வழக்கமில்லை. காலையில் கேட்டது மூன்றாவது வீட்டுப் பறையாக மட்டுமே இருந்திருக்க வேண்டும். மற்ற இரண்டு சாவுகளும் சத்தமில்லாமல் நடந்திருக்கும். இதைத் தமிழ் வாசகன் ஒரு நொடியில் உணர்வான். அமெரிக்க வாசகனுக்கு மூன்றுக்கும் ஒரே மேளம் போதும்.

கதை பொய் என்று நான் சொல்லவில்லை. அது ஒரே ஒரு கதவின் உள்ளிருந்து சொல்லப்பட்டது என்கிறேன். பங்களாவின் கதவு அது. அந்தக் கதவருகில் நின்று பார்த்தால் வந்த மூவரும் ஒரே மனிதர், மூடப் பிடிவாதக்காரர். ஆனால் அவர்கள் வந்தார்கள் என்பதை ஏன் யாரும் யோசிப்பதில்லை? அந்தக் காலத்தில் ஒரு பிராமணர் இரவில் வெள்ளைக்காரப் பாதிரியின் வீட்டைத் தேடிப் போவது லேசான காரியமா? வீட்டில் தாயார் இருந்திருப்பாள். மருத்துவச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பாள். வேண்டாம் என்று தடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அத்தனை பேரையும் மீறித்தான் அந்த மனிதர் தெருவில் இறங்கியிருப்பார். முக்கால்வாசித் தூரம் வந்துவிட்டு, கடைசி அடியில் கால் வராமல் திரும்பிப் போனவர் அவர். என் கணக்கில் நாவலுக்கு உரிய பாத்திரம் அவர்தான்.

கடைசி அடி ஏன் வரவில்லை? ஆண் டாக்டர் என்பதால் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அது பாதிக் காரணம் என்பது என் ஊகம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ள பூமி ஏரிப் பாசனமும் மணிலாக்கொட்டையும் பனைமரமுமான பூமி. அங்கே ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். ஆற்காடு மிஷனின் கிராம சபைகள் பெரும்பாலும் சேரியில்தான் உண்டாயின. பாதிரி சேரிக்குள் போய் உட்கார்ந்தார், அங்கே ஜபம் செய்தார். அவருடைய ஊழியத்தின் பெருமை அது. அந்தப் பெருமையே ஊர்த்தெருவில் அவருக்குக் கதவை அடைத்தது. வந்து ஏறத்தாழ முப்பது வருஷம் ஆன பிறகு, கையில் மருத்துவத்தை வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் போகத் தயாராக அந்தக் கிழவர் பங்களாவுக்குள் இருந்தார். கூப்பிட ஆள் இல்லை. புத்தகங்கள் அவரைத் தாண்டி மகளிடம் ஓடிவிடுகின்றன. அன்று இரவு அவர் தூங்கினாரா என்றுகூட எவரும் கேட்பதில்லை.

பெண் டாக்டரே இல்லாத தேசம் என்ற எண்ணமும் இந்தக் கதையால் படிந்துவிட்டது. அது சரியல்ல. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஐடா பின்னால் போய்ச் சேர்ந்த அதே பிலடெல்பியா கல்லூரியில் ஆனந்திபாய் ஜோஷி 1886-இல் பட்டம் வாங்கிவிட்டார். கோஷாப் பெண்களுக்கென்றே சென்னையில் ஆஸ்பத்திரியும் இருந்தது. சென்னையில் இருந்தது திண்டிவனத்தில் இல்லை என்பதுதான் விஷயம். ரயில் போட்டாகிவிட்டது, ரயிலில் வைத்தியம் வரவில்லை.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. ஐடா சிறு பெண்ணாக இருந்தபோது பெற்றோர் அவளை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு ஊழியத்துக்குத் திரும்பினார்கள். தாயார் புறப்பட்ட இரவு அந்தக் குழந்தை தாயின் தலையணையில் முகம் புதைத்து அழுதது என்று சொல்கிறார்கள். மிஷனரி ஆகமாட்டேன் என்ற பிடிவாதம் அங்கே பிறந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரித்திரக்காரர்கள் இந்த இடத்தைத் தியாகம் என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுகிறார்கள். குழந்தையைக் கேட்டுக்கொண்டா செய்தார்கள் அந்தத் தியாகத்தை?

திண்டிவனத்தில் இது நடந்த அதே காலத்தில், 1893-இல், ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' விவேகசிந்தாமணியில் வரத் தொடங்கியது. தமிழ் நாவல் நம் வீட்டு உள்ளறைக்குள் முதல்முதலாகக் காலடி வைத்த நேரம். அந்த மூன்று வீடுகளின் உள்ளறைக்குள் மட்டும் இதுவரை எந்த எழுத்தாளனும் போனதாக நான் படிக்கவில்லை. இறந்த மூன்று பெண்களுக்கும் எந்தப் புத்தகத்திலும் பெயர் கிடையாது.

ஐடா 1899-இல் கார்னெல்லில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். அந்த வருஷமே தகப்பனார் காலமானார். 1902-இல் ஷெல் ஆஸ்பத்திரி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குப் பிடித்தது 1909-இல் தொடங்கிய காரியம். ஒரு பெஜோ மோட்டாரில் மருந்தை ஏற்றிக்கொண்டு வாரம் ஒரு நாள் குடியாத்தம் சாலையில் புறப்பட்டு, வழியில் மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்தார். கதவைத் தட்டட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மரத்தடியில் ஊர்க்காரியும் சேரிக்காரியும் கூடவா ஒரே வரிசையில் நின்றார்கள், அல்லது அங்கேயும் இரண்டு வரிசையா? வில்சன் அம்மாள் இதை இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கலாம்.