தூசியும் சமயமும்

மனித உடலிலும் மனிதர் வாழும் மனைகளிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. அவ்வாராய்ச்சியாளர் மீண்டும் மீண்டும் நாடிச் செல்லும் மக்களுள் அமெரிக்காவிலுள்ள இரு சிறுபான்மைக் கிறிஸ்துவச் சமூகத்தார் குறிப்பிடத்தக்கவர். ஒரு சாரார் அமிஷ். மறு சாரார் ஹட்டரைட். இவர்தம் குழந்தைகளை ஒப்பிட்டு 2016ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை பெரும் புகழ் பெற்றது. அப்புகழுக்கு அது தகுதியுடையதே. ஆயினும் அது கண்ட விடையைவிட, கேளாமல் விட்ட கேள்வியே இங்கு ஆராயத்தக்கது.

இரு சாராரும் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றிய அனபாப்டிஸ்ட் இயக்கத்தின் கிளையினர். அறிவு வந்த பின்னரே ஞானஸ்நானம் பெறவேண்டும், படைக்கலம் ஏந்தலாகாது என்னும் கொள்கைகளுக்காகக் கொடுந்துன்பம் உற்றவர். ஹட்டரைட்டுகளின் தலைவர் யாக்கோப் ஹட்டர் 1536இல் இன்ஸ்ப்ரக் நகரில் எரித்துக் கொல்லப்பட்டார். அமிஷ் பிரிவு 1693இல் யாக்கோப் அம்மான் என்பவரின் வழிநின்று தனித்தது.

ஆராய்ச்சியாளர் இவர்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரு சாராரும் மரபால் நெருங்கியவர். நிறையக் குழந்தைகளைப் பெறுவோர். நெடுநாள் தாய்ப்பால் ஊட்டுவோர். வீட்டினுள் நாய் பூனை வளர்க்காதோர். புகையிலைப் புகை அவ்வீடுகளில் அரிது. இருந்தும் ஆஸ்த்மா நோய் அமிஷ் பள்ளிக் குழந்தைகளில் நூற்றுக்கு 5.2 பேருக்கும், ஹட்டரைட் குழந்தைகளில் நூற்றுக்கு 21.3 பேருக்கும் இருந்ததென முந்திய ஆய்வுகள் கூறியிருந்தன. ஏறத்தாழ எல்லாம் ஒன்றாயிருக்க, நோய் மட்டும் நான்கு மடங்கு வேறுபடுவானேன்?

விடை வீட்டுத் தூசியில் கிடைத்தது. சில நுண்ணுயிர்களின் புறத்தோலிலுள்ள எண்டோடாக்ஸின் என்னும் பொருள் அமிஷ் வீட்டுத் தூசியில் 6.8 மடங்கு மிகுந்திருந்தது. அத்தூசியின் சாரத்தைச் சுண்டெலிகளின் மூக்கில் இட்டபோது, முட்டை வெண்கருப் புரதத்தால் அவற்றுக்கு உண்டாக்கிய ஆஸ்த்மா போன்ற கோளாறு தடைப்பட்டது. ஹட்டரைட் தூசிக்கு அந்த ஆற்றல் இல்லை. உடலின் பிறவித் தற்காப்புக்கு வேண்டிய இரு புரதங்கள் அற்ற எலிகளிலோ அமிஷ் தூசியும் பயன்தரவில்லை. தூசி எவ்வழியாக வேலை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை போற்றற்குரியது.

இனிக் குறைக்கு வருவோர் முதலில் எண்ணிக்கையைக் காண்பர். குருதி சோதிக்கப்பட்ட குழந்தைகள் இந்தியானா மாநிலத்து அமிஷ் சிறார் முப்பதின்மரும், தெற்கு டகோட்டா ஹட்டரைட் சிறார் முப்பதின்மருமே. அறுபது என்பதைச் சிறுதொகை என்று குறைகூறுதல் எளிது. உண்மைக் குறை அதுவன்று. ஒப்பிடப்பட்டவை இரண்டே சமூகங்கள். குழந்தைகளை அறுநூறாகப் பெருக்கினாலும் சமூகங்கள் இரண்டாகவே நிற்கும். அவ்விரண்டுக்கும் இடையே வேறுபடுவது எதுவாயினும், அது நோயின் காரணம்போலத் தோற்றம் தரக்கூடும். எலிச் சோதனை இவ்வையத்தைத் தணிக்கிறதேயன்றி நீக்கவில்லை.

அவ்வாறு வேறுபடுவது யாது? அமிஷ் குடும்பத்தார் குதிரை பூட்டி உழுவோர். வீட்டுக்கருகே மாட்டுக் கொட்டில். தவழும் பருவம் முதல் குழந்தை அங்கே போய்வரும். ஹட்டரைட்டுகளோ பெரிய பொதுப் பண்ணைகளில் நவீன இயந்திரங்களைக் கொண்டு பயிர் செய்வோர். கட்டுரை இவ்வேறுபாட்டைத் தொழில்முறை வேறுபாடாகக் குறித்துவிட்டு மேலே செல்கிறது. இங்கேதான் அது இடறுகிறது. அமிஷ் உழவர் குதிரையை விடாதிருப்பது வறுமையாலன்று; சபையின் ஒழுங்குவிதி டிராக்டரை வயலில் விலக்கியமையால். ஹட்டரைட் பண்ணை பெரிதாயிருப்பதும் சந்தையின் தூண்டுதலால் மட்டுமன்று. ஆதித் திருச்சபையார் உடைமையைப் பொதுவில் வைத்தனர் என்னும் வேதவசனத்தை அவர்கள் எழுத்துக்கு எழுத்து கைக்கொண்டமையால். ஒரே வேதத்தை இரு வகையாக ஓதியதன் விளைவே அவ்விரு தூசிகளும். சமயத்தை 'ஒத்திருக்கும் பின்னணி' என ஓரங்கட்டிய ஆய்வு, தன் கண்டுபிடிப்பின் வேரையே ஓரங்கட்டியது எனலாம்.

இவ்வேரின் பயனை அறிவியல் அறியாததன்று. ஹட்டரைட்டுகள் ஒரே சமையலறையில் ஆக்கியதை ஒன்றாக அமர்ந்து உண்பவர். அதனாலன்றோ, அவர்தம் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் மாரியிலும் கோடையிலும் மாறுவதை 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு தெளிவாகக் காட்ட முடிந்தது! புதுக் காய்கனி உண்ணும் கோடையில் பாக்டிராய்டீட்ஸ் இனம் பெருகியது. தனித்தனி அடுப்பெரியும் ஊரில் இதனைக் காண்பது எத்துணை அரிது என்பதை விளக்க வேண்டுவதில்லை. அப்பொதுப் பந்தியும் சமயக் கொள்கையே. முதல் உலகப் போரின்போது படையில் சேர மறுத்தமைக்காகத் துன்புறுத்தப்பட்டுத் தெற்கு டகோட்டாவை விட்டுக் கனடாவுக்கு 1918இல் ஓடியவர்களும் இம்மக்களே. இத்தகையோர் அந்நியருக்கு வாயிலைத் திறந்து குருதியும் தூசியும் தந்தனர் என்றால், அவர்தம் நம்பிக்கையை ஒரு வரியில் கடந்து செல்வது முறையாகாது.

தூசியா, சமயம் வகுத்த பிற பழக்கமா என்பதைப் பிரித்தறியத் தொலைவில் தேட வேண்டியதில்லை. வட இந்தியானாவில் அமிஷ் ஆடவர் பலர் ஏரை விட்டு, வீட்டு வண்டிகள் செய்யும் தொழிற்சாலைகளில் கூலிவேலைக்குச் செல்கின்றனர். சபை அதுவே, மரபும் உணவும் அவையே, மாட்டுக் கொட்டில் மட்டும் இல்லை. 2016இன் கட்டுரை பண்ணைக் குழந்தைகளோடு நின்றுவிட்டது. அக்குழந்தைகளின் பக்கத்தில் அமர்த்தி ஒப்பிடவேண்டிய முப்பதின்மர், அதே பள்ளியின் அடுத்த பலகையிலேயே இருந்திருக்கக்கூடும்.