கிறிஸ்து இல்லாத திருச்சபை: பிலிப் புல்மனின் கதையுலகம்

ஜெனீவாவின் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் திருத்தந்தையாகியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? வரலாற்று மாணவர் எவரும் கேட்கத் துணியாத இவ்வினாவை ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மன் சிறுவர் நாவல் ஒன்றில் எழுப்பி, ஓரிரு வரிகளிலேயே விடையும் கூறிவிடுகிறார். கால்வின் திருத்தந்தையாகி ஆட்சிப்பீடத்தை ஜெனீவாவுக்கு மாற்றுகிறார். அவருக்குப்பின் அப்பதவியே ஒழிக்கப்படுகிறது. எஞ்சுபவை நீதிமன்றங்களும் குழுக்களும் சங்கங்களுமே. அவற்றின் கூட்டுப்பெயர் மாஜிஸ்டீரியம். குருமடத்தில் பயின்ற எவருடைய செவியையும் அச்சொல் உறுத்தும். திருச்சபையின் போதனைப் பொறுப்புக்கு நாம் வழங்கும் பெயரல்லவா அது!

'நார்தர்ன் லைட்ஸ்' (1995), 'தி சட்டில் நைஃப்' (1997), 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' (2000) ஆகிய மூன்று நாவல்களும் சேர்ந்து 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' எனப்படுகின்றன. முதல் நாவலின் உலகில் செப்பலின் வான்கப்பல்கள் மிதக்கின்றன. மின்சாரத்துக்கு வேறு பெயர் வழங்குகிறது. ஆக்ஸ்போர்டின் அறிவியல் இறையியலின் ஒரு கிளையாகவே நடத்தப்படுகிறது. நீராவியுகத்தின் பொறிகளைக் கொண்டு வேறொரு வரலாற்றைக் கட்டும் இத்தகைய புனைவுக்கு 1987 முதல் 'ஸ்டீம்பங்க்' என்ற பெயர் உண்டு. எனினும் புல்மனுக்குப் பொறிகள் மேடைப் பொருள்களே. அவர் கற்பனையின் உச்சம் 'டீமன்'. அங்கே ஒவ்வொருவரின் ஆன்மாவும் விலங்கு வடிவில் உடலுக்கு வெளியே உடன் நடக்கிறது. குழந்தைப் பருவத்தில் உருமாறிக்கொண்டே இருந்து, பருவமெய்தும்போது ஒரே வடிவில் நிலைபெறுகிறது. ஆன்மாவைப் பற்றி எத்தனையோ மறைக்கல்வி நூல்கள் சொல்லத் திணறியதை ஒரு சிறுமியின் தோளில் அமர்ந்த சிற்றுயிர் சொல்லிவிடுகிறது.

மூன்றாம் நாவல் 2001-ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் ஆண்டின் சிறந்த நூல் பரிசை வென்றது. சிறுவர் நூல் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. நம்மவரிடையே எழுந்த குரல் வேறு. 2007-இல் முதல் நாவல் திரைப்படமானபோது, சமய விமர்சனம் பெரிதும் தணிக்கப்பட்டிருந்த அப்படத்தையே புறக்கணிக்குமாறு அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் அறைகூவியது. அந்நாட்டு ஆயர் பேரவையின் திரைப்பட அலுவலகம் முதலில் சாதகமான திறனாய்வை வெளியிட்டுப் பின்னர் அதைத் திரும்பப் பெற்றது. வத்திக்கான் நாளேடும் படத்தைக் கடிந்துரைத்தது. கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் கத்தோலிக்கப் பள்ளி வாரியம் ஒன்று நூலை அலமாரியிலிருந்து அகற்றியது. விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலை 1966-இலேயே கைவிட்ட திருச்சபை நாம் என்பதை அன்று பலர் மறந்தனர் போலும்.

எதிர்த்தோரில் பெரும்பாலோர் கேட்காத வினாவைக் கேட்டவர் ஆங்கிலிக்கன் பேராயர் ரோவன் வில்லியம்ஸ். 2004-இல் இலண்டன் தேசிய அரங்கில் நாடகவடிவைக் கண்டு, புல்மனோடு மேடையிலும் உரையாடிய அவர், நூலை அஞ்சவில்லை. வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம் என்றே கருதினார். இக்கதையின் திருச்சபையில் மீட்பர் இல்லை. அதன் கடவுள் படைத்தவரும் அல்லர் என்பது அவர் நோக்கு. உண்மைதான். கதையில் 'அதிகாரி' எனப்படுபவர் முதலில் தோன்றிய வானதூதர். தம்மையே படைத்தவர் எனப் பிறரை நம்பவைத்தவர். இறுதியில் மூப்பால் தளர்ந்து காற்றில் கரைந்துபோகிறார். இச்சிலை உடைவதால் நமக்கு இழப்பென்ன? கடவுளின் மெய்யான முகத்தை மறைக்கும் விசுவாசிகளுக்கும் நாத்திகத்தின் பிறப்பில் பங்குண்டு என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே ஒப்புக்கொண்டது.

ஆயினும், 'இது நம் திருச்சபை அன்று' என்று கூறி நூலை மூடிவிட என்னால் இயலவில்லை. முதல் நாவலில் வடதுருவப் பகுதியின் போல்வாங்கர் நிலையத்துக்குக் குழந்தைகள் கடத்தப்படுகின்றனர். அங்கே அவர்களிடமிருந்து டீமன் வெட்டிப் பிரிக்கப்படுகிறது, பாவத்தினின்று அவர்களைக் காக்கும் பொருட்டாம்! அவ்வாறு பிரிக்கப்பட்ட சிறுவன் ஒருவன், ஆன்மா இருந்த இடத்தில் ஒரு கருவாட்டுத் துண்டை நெஞ்சோடு அணைத்தபடி லைராவின் கண்ணில் படுகிறான். அதை ஒருமுறை படித்தவர் மறப்பது அரிது. இக்கொடுமைக்கு முன்னுதாரணம் உண்டு என்று ஆஸ்ரியல் பிரபு சுட்டுவது, ஆலயப் பாடகர் குழுக்களின் குரலுக்காகச் சிறுவரை ஆண்மை நீக்கிய வழக்கத்தை. இது மாற்று வரலாறன்று, நம் வரலாறு. புனித பத்தாம் பயஸ் 1903-இல் உயர்குரலைச் சிறுவரே பாடவேண்டும் எனப் பணித்தார். அத்தகைய பாடகருள் இறுதியானவரான அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி 1922-இல்தான் இறந்தார். சிஸ்டைன் ஆலயப் பாடகரான அவர் குரல் இசைத்தட்டில் இன்றும் ஒலிக்கிறது.

குழந்தைகளைக் கடத்துவோருக்குக் கதையில் 'பொதுக் காணிக்கை வாரியம்' என்று பெயர். மத்திய காலத்தில் துறவற மடங்களுக்குப் பெற்றோர் நேர்ந்துவிட்ட பிள்ளைகளை நினைவூட்டும் பெயர் அது. கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகள் ஏறத்தாழ 1,50,000 பேர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். தாய்மொழி நாவிலிருந்து அறுக்கப்பட்டது. அப்பள்ளிகளில் பலவற்றை நடத்திய அமலமரித் தியாகிகள் சபை 1991-இல் மன்னிப்புக் கேட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் அம்மண்ணுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். புல்மன் கனடாவை எண்ணி எழுதினார் என்று நான் கூறவில்லை. ஆனால் 2007-இல் அதே நாட்டில் நம் பள்ளி வாரியமே இந்நூலை மாணவர் கண்ணிலிருந்து மறைத்தது என்பதை என்னால் எளிதில் கடந்துசெல்ல முடியவில்லை.

இனி நூலின் குறைக்கு வருவோம். மூன்றாம் நாவலில் கதைசொல்லி ஒதுங்கிக்கொள்ள, மறையுரையாளர் மேடையேறுகிறார். (முப்பதாண்டுகளாய்ப் பிரசங்கம் செய்பவனுக்கு அந்த ஓசை தெரியாதா?) லைராவைக் கொல்ல அனுப்பப்படும் கோமஸ் அடிகளுக்குக் கொலைக்கு முன்னரே பாவமன்னிப்பு வழங்கப்படுகிறது. மனத்துயர் இன்றி மன்னிப்பு இல்லை என்பது ஒழுக்க இறையியல் முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். கேலிச் சித்திரமாக அது கூர்மையானதே. ஆனால் கோமஸ் மனிதராக வளரவில்லை. அவருக்குள் ஐயமோ அன்போ துளியும் இல்லை. வில்லன் தட்டையாகும்போது நாயகியின் வெற்றியும் மெலிந்துபோகிறது.

அதே நாவலில் லைராவும் வில்லும் இறந்தோர் உலகுக்கு இறங்கி, அடைபட்ட ஆவிகளுக்கு வாயில் திறக்கின்றனர். நம் விசுவாச அறிக்கையின் பாதாள இறக்கத்தைக் கிறிஸ்துவின்றித் திரும்ப எழுதியிருக்கிறார் புல்மன். வெளியேறும் ஆவிகள் மகிழ்ச்சியோடு காற்றிலும் மண்ணிலும் கரைகின்றன. அழகிய காட்சிதான். ஆனால் ஆசிரியரே அதில் நிறைவுகொள்ளவில்லை. வெவ்வேறு உலகங்களுக்குத் திரும்பிப் பிரியவேண்டிய அவ்விருவரும், இறந்தபின் தம் அணுக்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டடையும் என உறுதி சொல்லிக்கொள்கின்றனர். கரைந்துபோன ஒன்று எப்படித் தேடும்? முகத்தை மீண்டும் காணும் ஏக்கத்தைப் புல்மனாலும் துரத்த முடியவில்லை. நூலின் கொள்கையைவிட நூல் பெரிதாகும் இடம் இதுவே என்பேன்.

பின்னர் 'தி புக் ஆஃப் டஸ்ட்' என்ற இரண்டாம் வரிசை 2017-இல் தொடங்கி 2025-இல் 'தி ரோஸ் ஃபீல்ட்' நாவலோடு முடிந்தது. அதன் முதல் நூலான 'லா பெல் சாவேஜ்' பெற்றோரைக் காட்டிக்கொடுக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்கும் சமயக் கழகம் ஒன்றைக் காட்டுகிறது, மாஜிஸ்டீரியம் மாறவில்லை. ஆனால் ஆற்றின் மறுகரையில், காட்ஸ்டோ கன்னியர் மடத்தின் சமையலறையில், விடுதிக்காரர் மகன் மால்கமோடு காய்கறி நறுக்கியவாறே பேசும் வயோதிக அருட்சகோதரி ஃபெனெல்லா இருக்கிறார். கள்ளமற்றவர், பிள்ளையை மதிப்பவர். கைக்குழந்தை லைரா அடைக்கலம் பெறுவது இம்மடத்தில்தான். 2000-இல் எழுதும்போது புல்மன் இந்த மூதாட்டியை அறிந்திருந்தால், கோமஸ் அடிகளை அவ்வளவு எளிதாக எழுதியிருக்க மாட்டார்.