கேள்விக்கு இடமுள்ள குடும்ப ஜெபம்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளில் குடும்ப ஜெபத்துக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு பாமாலை அல்லது கீர்த்தனை. அடுத்து வேத வாசிப்பு. ஓர் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பார்கள். பிறகு முழங்கால்படியிட, வீட்டுத் தலைவர் ஜெபிப்பார். பரமண்டல ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்வதோடு முடியும். காலையில் அவசரத்தில் விட்டுப்போகிற வீடுகளில்கூட இராச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ இது நடந்துவிடும். இந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரவேண்டும் என்பது என் விருப்பம். அப்படி விரும்புகிறவர்கள்தான் இதன் பலத்தையும் பழுதையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

பலத்தில் முதலாவது, அந்தச் சுற்று வாசிப்பு. எட்டு வயதுப் பேத்திக்கும் எண்பது வயதுத் தாத்தாவுக்கும் அங்கே ஒரே அளவு, ஆளுக்கொரு வசனம். சிறுமி பெயர்களில் தடுக்கி நின்றால் எல்லோரும் காத்திருப்பார்கள். பாட்டி விரலை வைத்து மெதுவாக வாசித்தாலும் காத்திருப்பார்கள். நம் வீடுகளில் வயதையும் ஆண், பெண் என்பதையும் பாராமல் பேச்சுரிமையைச் சமமாகப் பங்கிடுகிற வேளை இதைப்போல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-ல் முடித்த வேத மொழிபெயர்ப்பின் தமிழ் குழந்தையின் காதில் ஏறுவதும் இப்படித்தான். பள்ளிப் பாடநூல் தராத ஒரு பழைய நடையை, அதன் பொருள் முழுதும் புரியுமுன்பே அது வாய்க்குப் பழக்கிக்கொள்கிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்த அன்று சங்கீதத்தைத் தேடிப் பக்கம் புரட்ட வேண்டியதில்லை. வார்த்தைகள் தயாராக இருக்கின்றன.

இரண்டாவது, ஜெபத்தில் சொல்லப்படும் பெயர்கள். துபாயில் வேலை போன சித்தப்பா, அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்கா, பரீட்சை எழுதும் மாமா மகள் என்று வரிசையாக வரும். அந்தக் குடும்பத்தின் கவலை எதுவரை நீள்கிறது என்பதைப் பிள்ளைகள் அதிலிருந்து அறிகிறார்கள். அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. தனக்குப் பயமாயிருக்கிறது என்று யாரிடமும் சொல்லாத தகப்பன், அதைக் கடவுளிடம் சொல்லும்போது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடனைப் பற்றியோ மருத்துவ அறிக்கையைப் பற்றியோ அவர் குரல் தழுதழுக்கும் இரவில், அப்பாவும் தாங்குவாரின்றி நிற்கும் மனிதர்தான் என்பது பிள்ளைக்கு விளங்குகிறது. எந்த அறிவுரையாலும் கற்பிக்க முடியாத பாடம் அது.

இவ்வளவு நல்ல பழக்கம் பல வீடுகளில் ஏன் நிலைப்பதில்லை? ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்துப் பலிமுறைகளுக்குள் நின்றுபோகும் தீர்மானங்களை எல்லாச் சபைகளிலும் காணலாம். இலண்டனில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே கொஞ்சம் உதவும். 96 பேர் தினமும் ஒரு சிறு செயலைப் பழக்கமாக்க முயன்றார்கள். அது தானாக நடக்கும் நிலையை எட்ட, கணிப்பின்படி ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள், நடுவளவு 66 நாள். ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு கெடுக்கவில்லை. தண்ணீர் குடிப்பது, பழம் தின்பது போன்ற தனியாள் செயல்களைப் பற்றிய ஆய்வு அது; ஐந்து பேரை ஒரே நேரத்தில் ஒரே பாயில் உட்காரவைப்பதற்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஒரு வாரம் விட்டுப்போனதும் குற்றவுணர்வில் அடுத்த ஜனவரிவரை தள்ளிப்போடும் வீடுகளுக்கு அதில் ஆறுதல் இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து இன்று இரவே தொடரலாம்.

ஒழுங்கான வாசிப்பின் ஆபத்துகளை அதற்குத் திட்டம் வகுத்த ஒருவரே சொல்லியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842-ல் தம் சபைக்கு ஓர் ஆண்டு வாசிப்புத் திட்டம் தந்தார். நாளுக்கு நான்கு பகுதிகள்: இரண்டு குடும்பமாக வாசிக்க, இரண்டு தனிமையில் வாசிக்க. பழைய ஏற்பாடு ஒருமுறையும் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் முடியும். அதன் முன்னுரையில் நன்மைகளுக்கு முன்பாகவே ஆபத்துகளை எழுதினார். வாசிப்பு வெறும் சடங்காகலாம், முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமின்றி ஓட்டிவிடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். மறு ஆண்டே, 29 வயதில், அவர் இறந்துபோனார். அவர் சுட்டிய நான்கையும் நம் வீடுகளில் பார்க்கிறேன். ஆனால் அவர் பட்டியலில் இல்லாத வேறு சில பழுதுகள் நமக்கு உண்டு. அவைதான் பிள்ளைகளை அதிகமாக விரட்டுகின்றன.

ஜெபத்துக்குள் வைத்துக் கண்டிப்பது அவற்றில் ஒன்று. “ஆண்டவரே, இந்தப் பிள்ளை செல்போனிலேயே பொழுதைப் போக்காதபடி நல்ல புத்தியைத் தாரும்” என்று தகப்பன் ஜெபிக்கிறார். விண்ணப்பம் மேலே போகிறது. அடி பக்கத்தில் முழங்காலில் இருப்பவன்மேல் விழுகிறது. அவனால் பதில் சொல்ல முடியாது, எழுந்து போகவும் முடியாது. முடிவில் ‘ஆமென்’ வேறு சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் நேருக்கு நேர் திட்டியிருந்தால் அவன் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருப்பான். மருமகளின் குறையை மாமியார் ஜெபத்தில் ஏறெடுக்கும் வீடுகளும் உண்டு. இதைச் சிறு பிசகு என்று நான் கருதவில்லை. கடவுளின் பெயரைச் சொல்லி ஒருவரின் வாயை அடைக்கிற காரியம் இது. குடும்ப ஜெபம் என்றாலே உடம்பு இறுகிப்போகிற பெரியவர்கள் சிலரிடம் பேசினால், இந்த நினைவுதான் அடியில் கிடக்கிறது.

வாக்குத்தத்த வசனங்களைத் தனித்தனியாகப் பொறுக்கி எடுப்பதைப் பற்றி நீட்டிப் பேசப் போவதில்லை. பெட்டியிலிருந்து எடுக்கும் அட்டையோ வாட்ஸாப்பில் விடியற்காலையில் வரும் படமோ ஒரு நல்ல தொடக்கமாகலாம். அதுவே முழு உணவானால், யோபுவின் புலம்பலும் எரேமியாவின் கண்ணீரும் இல்லாத வேதம் ஒன்று பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

அதைவிடக் கனமான பழுது, கேள்விக்கு இடமில்லாமை. நியாயாதிபதிகள் 11-ம் அதிகாரத்தைச் சுற்றி வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போரில் வென்று திரும்பினால் வீட்டிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவதாக யெப்தா நேர்ந்துகொள்கிறான், அவனுடைய ஒரே மகள் மேளங்களோடு எதிரே வருகிறாள். வீட்டுப் பெண்பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறாள். பெரும்பாலான வீடுகளில் அடுத்த சொல் “ஜெபம் பண்ணுவோம்” என்பதே. அந்தக் கேள்வி போகுமிடம் இல்லாமல் அவளுக்குள் தங்கிவிடும். நாளாக ஆக, அவள் கேட்காமலே விட்டுவிடுவாள்.

இந்த மௌனத்தை நாம் மரபு என்று எண்ணிக்கொள்கிறோம். மரபு அப்படிச் சொல்லவில்லை. குடும்ப ஆராதனைக்காக ஸ்காட்லாந்துச் சபை 1647-ல் வெளியிட்ட ஒழுங்குமுறை மிகக் கண்டிப்பானது. குடும்ப ஆராதனையை நடத்தாத வீட்டுத் தலைவன், பலமுறை எச்சரித்தும் திருந்தாவிட்டால், இராப்போஜனத்திலிருந்து விலக்கப்படலாம். அத்தனை இறுக்கமான அந்த ஏடே, வாசித்ததைப் பற்றி வீட்டார் கலந்து பேசவேண்டும் என்கிறது. வீட்டில் எவரும் தம் கேள்வியையோ சந்தேகத்தையோ முன்வைக்கலாம் என்றும் இடம் விடுகிறது. சீர்திருத்தவாதி லூத்தர் 1529-ல் குடும்பத் தலைவர்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசமும் கேள்வி பதிலாகவே அமைந்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு தமிழில் பெயர்த்த நூல்களில் அதுவும் ஒன்று. நம் வீட்டுப் பக்தியின் மூத்த பாடப் புத்தகம் கேள்வியில்தான் தொடங்கியது. அங்கே கேள்வியும் பதிலும் முன்பே எழுதப்பட்டவை என்பது உண்மை. பிள்ளை தானாகக் கேட்பது வேறு. ஆனால் அதற்கும் வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6-ம் அதிகாரத்தின் 7-ம் வசனத்தை எல்லாப் பிரசங்கியாரும் எடுக்கிறார்கள். இந்தக் கட்டளைகள் என்ன என்று மகன் பின்னாளில் கேட்பான், அப்போது கதையைச் சொல் என்கிற 20-ம் வசனம் அதே அதிகாரத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

சேர்ந்து ஜெபிக்கும் குடும்பம் சேர்ந்தே இருக்கும் என்ற வாசகத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் குருவான பேட்ரிக் பெய்ட்டன் குடும்ப ஜெபமாலைக்காக நடத்திய இயக்கத்தின் வழியாக, 1947 வாக்கில் அமெரிக்க வானொலியிலிருந்து பரவியது அது. எழுதியவர் விளம்பரத் துறையைச் சேர்ந்த அல் ஸ்கால்போன். வேதவசனம் போலவே நம்மிடையே புழங்கும் அந்த வாசகம் காரணத்தையும் விளைவையும் குழப்புகிறது. தினமும் இரவில் கூட முடிகிற குடும்பம் ஏற்கெனவே ஓரளவு அமைதியும் வசதியான வேலை நேரமும் வாய்த்த குடும்பம். இரவுப் பணிக்குப் போகும் செவிலியரின் வீடும் விடியுமுன் கடலுக்குப் போகிறவர் வீடும் கூட முடியாமல் போனால், அது அவர்களுடைய விசுவாசக் குறைவுக்குச் சாட்சி ஆகாது. ஜெபம் தவறாத வீட்டில் அடி உதை நடக்காது என்று நம்பி, பெண்ணின் முறையீட்டைச் சபை தள்ளிவிடவும் கூடாது.

தகப்பன்தான் நடத்த வேண்டும் என்ற விதியும் எனக்கு உறுதியாகப் படவில்லை. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். மகனுடைய விசுவாசத்துக்கு வேர் எங்கே என்று பவுல் தேடும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பெயர் சொல்லி நினைக்கிறார். நம் வீடுகளிலும் பாத்திரம் கழுவி முடித்து, டிவியை அணைத்து, பாயை விரித்து, எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைப்பது தாய்தான். ஜெபம் மட்டும் வேறொருவருடையதாகிறது. வாரத்தில் பாதி நாளாவது அவள் நடத்தட்டும். ஒரு நாள் பாட்டை மகள் தெரிந்தெடுக்கட்டும். வாசிப்பு அரை அதிகாரமாகக் குறைந்தாலும் சரி, முடிந்தபின் ஐந்து நிமிடம் பேசட்டும். தெரியாத கேள்விக்குத் தெரியவில்லை என்று தகப்பன் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயரிடம் கேட்டுவரட்டும்.

எனக்கு நம்பிக்கையில்லை, நான் முழங்கால்படியிட மாட்டேன் என்று பதினாறு வயதுப் பிள்ளை ஒருநாள் சொல்லக்கூடும். அநேக வீடுகளில் குடும்ப ஜெபம் உடைவது அந்த இரவில்தான். கட்டாயப்படுத்தினால் உடம்பு மட்டும் வரும். வெளியே அனுப்பினால் அவனுடைய இடம் காலியாகும். அவன் நாற்காலியிலேயே உட்காரட்டும். தன் முறை வரும்போது வசனத்தை வாசிக்க விரும்பினால் வாசிக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் வாசிக்கலாம். அன்றைய ஜெபத்தில் அவன் பெயர் வரும்போது, வீட்டார் மற்றவர்களுக்குக் கேட்கும் அதே சுகத்தையும் சமாதானத்தையும் கேட்டால் போதும். அதற்குமேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.