கணித்தலும் குறித்தலும்

அறிகையியல் என வழங்கும் புதுத்துறை, மனத்தின் தொழிலைக் கணித்தல் என்று கொண்டு ஆராய்வது. கணித்தலாவது குறிகளை விதிவழி மாற்றியமைத்தல். குறித்தலாவது ஒரு குறி தன்னின் வேறாய பொருளொன்றைச் சுட்டி நிற்றல். இவ்விரண்டற்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினாவுக்கு அமெரிக்க அறிஞர் இருவர் கூறிய விடைகள் பெரிதும் பேசப்படுகின்றன. யெரி போடர் 1975இல் வெளியிட்ட நூலிலே, சிந்தனை என்பது அகமொழியொன்றின் குறிகள்மீது நிகழும் கணிப்பே என்றும், குறித்தலின்றிக் கணித்தல் இல்லை என்றும் நிறுவ முயன்றார். யோன் சேர்ள் 1980இல் எழுதிய கட்டுரையிலே ஒரு கற்பனையை முன்வைத்தார். சீனமொழி அறியாத ஒருவன் மூடிய அறையினுள் இருந்து, விதிநூலைப் பார்த்துச் சீன எழுத்துக்களை அடுக்கி, வெளியிலிருந்து வரும் வினாக்களுக்குத் தக்க விடை அனுப்புகின்றான். அவனுக்கோ ஒரு சொல்லும் விளங்குவதில்லை. ஆகவே, குறிகளை மாற்றியமைத்தல் மட்டும் பொருளுணர்வாகாது என்பது அவர் முடிபு.

இவ்விரு கொள்கைகளையும் மதிப்பிடற்கேற்ற உரைகல் ஒன்று தமிழர் வரலாற்றிலேயே உண்டு. யோன் வாரன் என்பார் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ என்னும் ஆங்கில நூலிலே, புதுச்சேரியிற் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிக் கூறியுள்ளார். அவர் நிலத்திலே சோகிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு, 1825 மே 31, யூன் 1 ஆகிய நாட்களுக்கிடைப்பட்ட இரவின் சந்திரகிரகணத்தைக் கணித்தார். வானநூற் கோட்பாடுகளை அவர் அறிந்தாரல்லர். கணித வரலாற்றாசிரியர் ஒற்றோ நொய்கபவர் 1952இல் இக்கணிப்பை ஆராய்ந்து, கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை உண்டெனக் காட்டினார்.

அவ்வாய்பாடுகள் வாக்கியமுறையைச் சார்ந்தவை. நிலவின் வேகம் ஏறியிறங்கும் சுற்று ஒன்பது முறை நிறைவதற்கு ஏறக்குறைய 248 நாள் ஆகும். அந்நாட்களுக்குரிய நிலவின் நெட்டாங்குகளைத் தரும் 248 வாக்கியங்கள் வரருசியின் பெயரால் வழங்குகின்றன. எழுத்துக்கு எண் வகுக்கும் இம்முறையை இசை பயின்றார் நன்கறிவர். தீரசங்கராபரணம் என்பதில் ‘தீ’ 9, ‘ர’ 2. வலமிடமாக மாற்ற, அது 29ஆம் மேளம். ஆயின் வடமொழியின் நான்கு ஒலிகளுக்கும் தமிழெழுத்திலே ஒரு தகரமே உண்மையின், ஏட்டில் உள்ள ‘தீ’ 6, 7, 8, 9 என்பவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். எழுத்து தானே எண்ணைச் சுமந்து நிற்பதன்று. வழக்கே அதனை எண்ணாக்குகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, மேற்காட்டிய 52 நிமிடப் பிழையை நோக்குவாம். பிழை இருவகைத்து. விதி தவறிச் சோகியை வைப்பது கணித்தற்பிழை. விதி தவறாது வைத்தும் நிலவு வேறிடத்து நிற்பது குறித்தற்பிழை. முன்னையதனை நிலத்தைப் பார்த்தே அறியலாம். பின்னையதனை வானத்தைப் பாராது அறிதல் இயலாது. கூட்டலும் கழித்தலும் சிறிதும் வழுவாவிடினும், வாய்பாட்டின் அளவைகள் வானோடு ஒவ்வாவிடிற் கணிப்புப் பொய்க்கும். சோகிகள் நிலவைக் குறியாவாயின் 52 நிமிடம் என்பது பிழையாகாது, வெறும் எண்ணாகவே நிற்கும். பிழைபடுதற்கு இடமுள்ளதே குறியாதல் கூடும்.

போடர் கூற்றில் உண்மை உண்டு. நிலவைக் குறித்தமையாலன்றோ சோகிகளை நகர்த்தியது கிரகணக் கணிப்பாயிற்று? ஆயின் அவர் அக்குறிகளுக்கு இருப்பிடமாக மனத்தின் அகத்தையே கொண்டார். புதுச்சேரிக் கணிதரின் மனத்திலே கோட்பாடு இல்லை. எனினும் சோகிகள் நிலவைக் குறித்தன. சேர்ள் கூற்றிலும் உண்மை உண்டு. குறிகளை நகர்த்துவோன் பொருளை உணர்தல் வேண்டும் என்பதில்லை. ஆயின் உணர்தல் வேறு, குறித்தல் வேறு. அறையை மூடிவிட்டுப் பொருளைத் தேடினமையால், அவர் இரண்டும் இல்லை என்றார்.

அறைக்கு ஒரு சாளரம் அமைத்தாற் போதுமோ எனின், போதாது. சாளரத்தின் வழி வருவனவும் குறிகளே என்று சேர்ளே விடையிறுத்துள்ளார். வேண்டுவது சாளரம் மட்டுமன்று, திருத்தும் கடப்பாடு. கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களை நோக்கி, பழைய அளவைகள் ஒவ்வாமை கண்டு, 1431இல் திருக்கணிதமுறையை வகுத்தார். திருக்கு என்பது பார்வை. வாய்பாடும் வானமும் மாறுபட்டவிடத்து வாய்பாட்டையே மாற்றும் மரபினாலேதான் குறி பொருளோடு பிணிக்கப்படுகின்றது.

யாழ்ப்பாணத்திலே வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்களும் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. புத்தாண்டு பிறக்கும் நேரமும் அவற்றுள் வேறுபடுகின்றது. இதுபற்றி வாதிடுவோர், ஒரு சாராரின் கணக்குப் பிழை என்பர். இரண்டிலும் கணக்குச் சரியாகவே இருக்கலாம். எதனை வானத்தின் குறியாகக் கொள்வது, எதனை மரபின் ஒழுங்காகக் கொள்வது என்பதே அவர்கள் தீர்க்கவேண்டிய வினா.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சூத்திரத்தை ஒப்புவித்துச் சரியான விடை எழுதும் மாணவனும், வினாவிய கணமே விடை எழுதித் தரும் இக்காலக் கணனியும் கணித்தலில் வல்லர். அவ்வன்மையை யாம் இகழ்தல் ஆகாது. கிரகணத்தின் தொடக்கத்தை 4 நிமிடப் பிழையோடு முன்னறிந்து கூறியது அதுவே. ஆயின், விடை பொய்க்குமாயின் அதனை எங்கே கண்டறிவாய் என்று மாணவனைக் கேட்டல் வேண்டும். அதற்கு மறுமொழி கூற வல்லவனே, தான் எதைப்பற்றிக் கணித்தான் என்பதை அறிந்தவனாவான்.